வாசகர் கேள்வி–பதில்: லிவர்பூலின் வட்ட நூலகம்

சென்ற இதழில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மைய நூலகத்தைப் பற்றிய இரண்டு படங்களையும் ஒரு சிறு குறிப்பையும் வெளியிட்டிருந்தோம். ஒரு படம், அரைவட்டத் தூண்வரிசையோடு வீதியை நோக்கி நிற்கும் பிக்டன் வாசிப்பறையின் வெளித்தோற்றம். மற்றது, பெரிய குவிமாடத்தின் கீழ் சுவரெங்கும் நூலடுக்குகள் சூழ்ந்த அதன் உள்தோற்றம். அவற்றையொட்டி வந்த கடிதங்களில் பல ஒரே திசையில் கேள்வி எழுப்பியிருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அந்தக் கட்டடத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பக்கத்தில் உள்ள கட்டடங்கள் எல்லாம் நேரான முகப்போடு இருக்கும்போது, வாசிப்பறை மட்டும் ஏன் அரைவட்டமாக முன்னே வந்து நிற்கிறது? அழகுக்காகவா? (திருச்சி வாசகர்)

பதில்: அழகு பிறகு வந்தது, முதலில் வந்தது ஒரு தெருவளைவு. வாசிப்பறை நிற்கும் வில்லியம் பிரவுன் வீதி ஒரு மேட்டில் ஏறும் சாலை. அது நேராகச் செல்வதில்லை. பாதி வழியில் சற்றுத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்குக் கீழே 1860இல் திறக்கப்பட்ட வில்லியம் பிரவுன் நூலகமும் அருங்காட்சியகமும் ஏற்கெனவே நின்றன. மேலே 1877இல் திறக்கப்பட்ட வாக்கர் கலைக்கூடம் எழுந்துகொண்டிருந்தது. இந்த இரண்டின் முகப்புகளும் ஒரே கோட்டில் அமையவில்லை. 1879இல் திறக்கப்பட்ட வாசிப்பறைக்கு 1875இல் அடிக்கல் நாட்டியபோது கிடைத்த இடமோ, சரியாக அந்தக் கோணல் விழும் இடம். நேரான முகப்பு ஒன்றை அங்கே வைத்தால், அது கீழ்க் கட்டடத்தோடு இணையாக இருந்தால் மேல் கட்டடத்தோடு முரண்படும். மேல் கட்டடத்தோடு இணைந்தால் கீழ்க் கட்டடத்துக்குக் கோணலாகத் தெரியும்.

கட்டடக் கலைஞர் கார்னீலியஸ் ஷெர்லாக் இதற்கு வட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். வட்டச் சுவருக்கு ‘இதுதான் நேர்முகம்’ என்று ஒரு திசை கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது நம்மை நோக்கியே நிற்பதாகத் தோன்றும். ஆகவே இருபுறக் கட்டடங்களும் ஒன்றோடொன்று இணையாக இல்லை என்பதைக் கண் கவனிப்பதற்குள், பார்வை வளைந்து கடந்துவிடுகிறது. வாக்கர் கலைக்கூடத்தின் வடிவமைப்பிலும் ஷெர்லாக்குக்குப் பங்கு உண்டு என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கோணலின் ஒரு பக்கத்தை உருவாக்கியவரிடமே அதை மறைக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

நகரத்தார் எல்லோரும் இதை வியந்து பாராட்டிவிடவில்லை. நகர்மன்ற நூலகக் குழுவின் தலைவராக இருந்து இந்தக் கட்டடத்துக்காகப் பாடுபட்டவர் ஜேம்ஸ் பிக்டன். அவர் பெயரோடு சேர்த்து இதைப் ‘பிக்டனின் எரிவாயுத் தொட்டி’ என்று உள்ளூர்க்காரர்கள் கேலி பேசினார்கள். அந்நாளைய பிரிட்டிஷ் நகரங்களில் விளக்கெரிக்கும் வாயுவைச் சேமித்து வைத்த உருண்டையான பெரிய இரும்புத் தொட்டிகளைப் படத்திலாவது பார்த்தவர்களுக்கு, கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை என்று தெரியும்.

கேள்வி: பொது நூலகத்துக்குக் கிரேக்கக் கோயில் போன்ற முகப்பு எதற்கு? இதற்கெல்லாம் பணம் கொடுத்தது யார்? (மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பிரிட்டனில் பொது நூலகச் சட்டம் 1850இல் நிறைவேறியது. அதை நாடாளுமன்றத்தில் முன்னின்று நடத்திய வில்லியம் எவார்ட் லிவர்பூலில் பிறந்தவர். மக்கள்தொகை 10,000க்கு மேற்பட்ட நகரங்கள் சொத்து மதிப்பில் பவுண்டுக்கு அரை பென்னி வரை வரி வசூலித்து நூலகக் கட்டடம் எழுப்பவும் பணியாளரை வைத்துக்கொள்ளவும் அந்தச் சட்டம் அனுமதித்தது; அந்தப் பணத்தில் புத்தகம் வாங்க அனுமதிக்கவில்லை. புத்தகம் நன்கொடையாக வந்து சேரும் என்பது நம்பிக்கை. 1855இல் வரம்பு ஒரு பென்னியாக உயர்ந்து, புத்தகத்துக்கும் செலவிடலாம் என்றாயிற்று. இத்தகைய வருமானத்தில் மாளிகை கட்ட முடியாது. விக்டோரியா காலத்துப் பெரும் நூலகக் கட்டடங்கள் பலவற்றின் பின்னால் ஒரு வணிகரின் பெயர் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

லிவர்பூல் இந்தப் பொதுச் சட்டத்தின் வழியே செல்லாமல் 1852இல் தனக்கென ஒரு தனிச் சட்டம் பெற்றது. டெர்பி பிரபு ஒருவர் நகருக்கு எழுதிவைத்துச் சென்ற உயிரினச் சேகரிப்பையும் நூல்களையும் ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். தொடக்கத்தில் டியூக் தெருவில் இருந்த இடம் விரைவிலேயே போதாமல் போயிற்று. நகராட்சி நிலத்தைக் கொடுக்க, வில்லியம் பிரவுன் என்ற வணிகர் கட்டடச் செலவை ஏற்றார். அது ஏறத்தாழ 40,000 பவுண்ட். அயர்லாந்தின் பாலிமீனாவில் 1784இல் பிறந்து, அமெரிக்க வணிகத்தில் வளர்ந்து, லிவர்பூலில் நிலைபெற்றவர் அவர். லிவர்பூலின் அன்றைய செல்வத்தில் பெரும்பகுதி பருத்தியிலிருந்து வந்தது. அந்தப் பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. ‘இலவச நூலகம்’ என்று பெருமையாகச் சொல்லும்போது இந்தக் கணக்கையும் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இனி முகப்பு. வீதிக்கு எதிரே செயின்ட் ஜார்ஜ் மண்டபம் நிற்கிறது. ஹார்வி லான்ஸ்டேல் எல்ம்ஸ் என்ற இளைஞர் வடிவமைத்த அந்த மண்டபம் 1841இல் தொடங்கி 1854இல் திறக்கப்பட்டது. எல்ம்ஸ் 1847இலேயே இளவயதில் இறந்துவிட்டார், உள்வேலைகளை சி. ஆர். காக்கரெல் முடித்தார். கிரேக்க, ரோமானியக் கட்டடக் கலையை இங்கிலாந்தில் கையாண்ட மிகச் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று அது. அதன் எதிரே கட்டப்படும் எதுவும் அதற்கு இசைவாகப் பேசியாக வேண்டியிருந்தது. தாமஸ் ஆலம் வரைந்து, நகராட்சியின் நிலஅளவையர் ஜான் வெயிட்மன் மாற்றியமைத்த பிரவுன் நூலகத்தின் முகப்பில் கொரிந்தியத் தூண்கள் ஆறு வரிசையாக நின்று முக்கோண முகட்டைத் தாங்குகின்றன. கொரிந்தியத் தூண் என்பதைத் தலைப்பகுதியைக் கொண்டு அடையாளம் காணலாம்: அகாந்தஸ் என்ற முள்ளி இனச் செடியின் இலைகள் அடுக்கடுக்காக விரிந்து மேலே சுருண்டிருக்கும். பின்னர் வந்த ஷெர்லாக்கும் தன் வட்டச் சுவரைச் சுற்றி அதே கொரிந்தியத் தூண்களைத்தான் நிறுத்தினார். வடிவம் மாறினாலும் உடை மாறவில்லை.

என் கணிப்பில், இந்தத் தூண்கள் நன்றாகச் செய்யப்பட்டவை. ஆனால் அவற்றில் புதுமை ஒன்றும் இல்லை. கட்டடத்தின் உண்மையான அறிவு உள்ளே இருக்கிறது.

கேள்வி: உள்ளே வாசிப்பறையை வட்டமாக அமைத்ததால் என்ன பயன்? புத்தக அலமாரிகளுக்கு நேர்ச்சுவர்தானே வசதி? (கோவை, கட்டடப் பொறியியல் மாணவி)

பதில்: நல்ல கேள்வி. அலமாரிக்கு மட்டும் என்றால் நேர்ச்சுவர்தான் வசதி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பிக்டன் வாசிப்பறையின் விட்டம் சுமார் 100 அடி. அப்படியானால் தரைப் பரப்பு ஏறத்தாழ 7,850 சதுர அடி. சுற்றுச்சுவர் ஏறத்தாழ 314 அடி. இதே பரப்புள்ள சதுர அறைக்குப் பக்கம் 88 அடிக்குச் சற்று மேல். சுற்றுச்சுவர் 354 அடி. குறைந்த சுவரில் அதிக இடத்தை அடைப்பது வட்டத்தின் சிறப்பு. ஆனால் சுவரில் புத்தகம் அடுக்க வேண்டிய நூலகத்துக்கு அந்தச் சிறப்பே குறையாகிவிடுகிறது: ஒவ்வோர் அடுக்கிலும் 40 அடி இழப்பு. போதாக்குறைக்கு, நேரான பலகையை வளைசுவரில் பொருத்தும்போது பின்னால் இடைவெளி விழும். வட்டத்தைப் பின்னாளில் நீட்டிக் கட்டவும் முடியாது.

இவ்வளவு இழப்பையும் ஏற்றுக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: கண்காணிப்பு ஒன்று, வெளிச்சம் மற்றொன்று.

இதற்கு முன்மாதிரி லண்டனில் இருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நடுமுற்றம் வீணாகக் கிடந்தது. அங்கே வட்ட வாசிப்பறை ஒன்றை எழுப்பலாம் என்ற எண்ணத்தைத் தந்தவர், இத்தாலியிலிருந்து அரசியல் அகதியாக வந்து அந்நூலகத்தின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்த அந்தோனியோ பனிட்சி. சிட்னி ஸ்மர்க் கட்டிய அந்த அறை 1857இல் திறக்கப்பட்டது. விட்டம் 140 அடி. ரோமாபுரியின் பாந்தியன் கோயிலை விட இரண்டடிதான் குறைவு. வார்ப்பிரும்புச் சட்டகத்தின் மேல் எழுந்த அதன் குவிமாடத்தின் உட்புறம் காகிதக்கூழ்ப் பலகைகளால் ஆனது என்பது, அதன் கம்பீரத்தைப் பார்த்தவர்களால் எளிதில் நம்ப முடியாத செய்தி. நடுவில் உயர்த்தப்பட்ட மேடையில் கண்காணிப்பாளர் அமர்ந்தார். வாசகர் மேசைகள் அவரிடமிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல விரிந்தன. தலையைத் திருப்பினால் போதும், எந்த மேசையில் யார் என்ன செய்கிறார் என்பது தெரிந்துவிடும்.

லிவர்பூல் இந்த முறையைக் கடன் வாங்கியது. ஆனால் லண்டனில் நுழைவுச் சீட்டு பெற்ற அறிஞர்கள் அமர்ந்தார்கள். லிவர்பூலில் துறைமுகத் தொழிலாளியும் கடை எழுத்தரும் உள்ளே வரலாம். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்த நகர்மன்றத்துக்கு, வருகிறவர்களை முழுவதும் நம்ப மனம் வரவில்லை. விக்டோரியா காலத்துப் பொது நூலகத்தில் வாசகர் அலமாரிக்குச் சென்று நூலைத் தானே எடுப்பது வழக்கமில்லை. சீட்டெழுதிக் கொடுத்தால் பணியாளர் கொண்டுவந்து தருவார். வாசகர் தாமே எடுத்துக்கொள்ளும் முறை பிரிட்டனில் 1894இல் லண்டனின் கிளார்க்கன்வெல் நூலகத்தில்தான் முறையாகத் தொடங்கியது. நடுவில் மேசை, சுற்றிலும் வாசகர், அவர்களுக்கு அப்பால் நூல் என்ற இந்த வட்ட அமைப்பு அழைப்பையும் ஐயத்தையும் ஒருசேரத் தரையில் வரைந்து காட்டுகிறது. கல்லில் எழுதப்பட்ட சமூக வரலாறு என்று எதையாவது சொல்லலாம் என்றால் நான் தூண்களைக் காட்ட மாட்டேன். இந்தத் தரைப்படத்தைத்தான் காட்டுவேன்.

வெளிச்சத்துக்கு வருவோம். சன்னல் வைத்த இடத்தில் அலமாரி வைக்க முடியாது. அலமாரி வைத்த இடத்தில் சன்னல் வைக்க முடியாது. இந்தச் சண்டையைத் தீர்க்க எளிய வழி, வெளிச்சத்தைக் கூரையிலிருந்து வாங்குவது. குவிமாடத்தின் உச்சிக் கண்ணாடி வழியாக இறங்கும் ஒளி, பக்கச் சன்னலின் ஒளியைப் போல ஒரு பக்கம் கண்ணைக் கூசச்செய்து மறுபக்கம் இருளை விடாமல் அறை முழுவதும் பரவுகிறது. சுவர் முழுவதும் புத்தகத்துக்கே மிஞ்சுகிறது. பிக்டன் வாசிப்பறையில் சுவரையொட்டி மேலும் மேலும் நடைமாடங்கள் எழுந்து, ஒவ்வொன்றிலும் நூலடுக்குகள் வளைந்து செல்வதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வட்டத்தில் இழந்த சுவரை உயரத்தில் மீட்டெடுத்தார்கள் என்று சொல்லலாம்.

அந்த மாடங்களிலும் ஒரு சிக்கல் இருந்தது. சூடான காற்று மேலே ஏறும். மேல் மாடத்தில் இருக்கும் தோல் அட்டைகள் உலர்ந்து பொடிந்து போகும். இத்தகைய உயர்ந்த ஒற்றை மண்டப நூலகங்களைக் கண்டித்து அமெரிக்க நூலகர் வில்லியம் பிரெடரிக் பூல் 1881இலேயே வாதிட்டார். கட்டடக் கலைஞர்களுக்குப் பிடித்த நூலகமும் நூலகர்களுக்குப் பிடித்த நூலகமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பொறியியல் மாணவியான நீங்கள் அந்த வாதத்தைத் தேடிப் படிப்பது பயனுள்ளதாக இருக்கும்.

கேள்வி: ‘பிரிட்டனிலேயே முதன்முதலில் மின்விளக்கு பெற்ற நூலகம்’ என்று குறிப்பில் எழுதியிருந்தீர்கள். எடிசன் மின்விளக்கைக் கண்டுபிடித்ததே 1879இல்தானே? அதே ஆண்டில் எப்படி லிவர்பூலுக்கு வந்தது? (சேலம் வாசகர்)

பதில்: வந்தது எடிசனின் கண்ணாடிக் குமிழ் விளக்கு அன்று, அதற்கு முந்தைய வில்விளக்கு. இரண்டு கரிக்கோல்களின் முனைகளைச் சற்றே விலக்கி வைத்து அவற்றின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தினால், இடைவெளியில் கண்ணைப் பறிக்கும் ஒளி எழும். எரிய எரியக் கோல் தேய்ந்துகொண்டே வருவதால் அடிக்கடி புதிய கோல் மாற்ற வேண்டும். சீறும் ஓசையும் உண்டு. வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு வெளிச்சம் அதிகம். ஆனால் 100 அடி விட்டமும் அதற்கேற்ற உயரமும் உள்ள ஓர் அறைக்கு அந்த அளவு மிகையாகவில்லை. குவிமாடம் வெளிச்சத்தை வாங்கிக் கீழே பரப்பவும் செய்தது.

இது ஏதோ புதுமை மோகத்தால் செய்தது அன்று. அப்போது வழக்கில் இருந்தது எரிவாயு விளக்கு. அது காற்றைச் சூடாக்கும், கரியைப் படியவைக்கும். அதிலிருந்து வரும் கந்தக ஆவி தோல் அட்டைகளை அரிக்கும். தீ விபத்து அச்சம் வேறு. இந்த அச்சத்தால் பிரிட்டிஷ் அருங்காட்சியக வாசிப்பறையில் எரிவாயுவை அனுமதிக்கவே இல்லை. லண்டனின் குளிர்கால மாலையில் இருட்டத் தொடங்கினால், பனிமூட்டம் சூழ்ந்தால், வாசகர்களை எழுப்பி அனுப்பிவிட்டு அறையை மூடினார்கள். அறிஞர்களுக்கு அது ஓர் இடைஞ்சல், அவ்வளவுதான். பகலெல்லாம் வேலைக்குப் போய் மாலையில் மட்டுமே படிக்க வரக்கூடிய நகரத் தொழிலாளிக்கோ, இருட்டியதும் மூடும் நூலகம் இல்லாத நூலகத்துக்குச் சமம். பொது நூலகம் என்ற சொல்லுக்குப் பொருள் வர வேண்டுமானால் இரவு வெளிச்சம் வேண்டும். வட்ட அறையின் கூரைக் கண்ணாடியால் தர முடியாதது அது ஒன்றுதான்.

கேள்வி: இவ்வளவு பெரிய குவிமாடத்தின் கீழ் பேச்சொலி எதிரொலிக்காதா? (காரைக்குடி வாசகி)

பதில்: எதிரொலிக்கும். குழிந்த பரப்பு ஒளியைக் குவிப்பதுபோல ஒலியையும் குவிக்கும். ஒரு மூலையில் நாற்காலி நகர்ந்தால் எதிர்ப்புறத்தில் தெளிவாகக் கேட்கும். நடைமாடங்களும் அவற்றில் நிறைந்திருக்கும் நூல்களும் ஒலியை ஓரளவு உறிஞ்சுகின்றன. கூட்டம் நடத்துவதற்கு இந்த அறையின் அடியிலேயே தனியே ஒரு சொற்பொழிவு மண்டபத்தை அமைத்தார்கள். மேட்டுச் சரிவில் அமைந்த மனை என்பதால் அத்தகைய கீழ்த்தளத்துக்கு இடம் வாய்த்தது. மேலே மௌனம், கீழே சொற்பொழிவு.

கேள்வி: சென்னை கன்னிமாரா நூலகமும் விக்டோரியா மகாராணி காலத்தில் கட்டப்பட்டதுதானே? இரண்டுக்கும் ஒற்றுமை உண்டா? (சென்னை, எழும்பூர் வாசகர்)

பதில்: காலம் ஒன்று, குடும்பம் வேறு. கன்னிமாராவுக்கு 1890இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1896 டிசம்பரில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். அது வட்டமன்று, நீள மண்டபம். பாணியும் கிரேக்கமன்று, இந்திய, இஸ்லாமியக் கூறுகளை ஐரோப்பியக் கட்டடத்தோடு கலந்த இந்தோ-சாரசெனிக். பழைய மண்டபத்தின் வளைகூரையில் உள்ள வண்ணக் கண்ணாடியை அண்ணாந்து பாருங்கள்: வெளிச்சத்தை மேலிருந்து வாங்கிச் சுவரைப் புத்தகத்துக்கு விடும் உத்தி அங்கேயும் இருக்கிறது. ஒற்றுமை என்று நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். லண்டன், லிவர்பூல் வெயிலுக்கும் சென்னை வெயிலுக்கும் உள்ள வேறுபாட்டால், அங்கே ஒளியைத் தேடிச் செய்ததை இங்கே ஒளியைத் தணித்துச் செய்ய வேண்டியிருந்தது.

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் லிவர்பூல் கடுமையாகக் குண்டுவீச்சுக்கு ஆளான நகரம் ஆயிற்றே. படத்தில் உள்ளது பழைய கட்டடம்தானா, திரும்பக் கட்டியதா? உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: நூலகம் முழுவதையும் பார்த்தால் இரண்டும் கலந்தது. 1941 மே மாதத் தொடர் குண்டுவீச்சில் வில்லியம் பிரவுன் நூலகமும் அருங்காட்சியகமும் தீப்பற்றி உள்ளே எரிந்துபோயின. நூல்களும் சேகரிப்புகளும் பெருமளவில் அழிந்தன. தூண்களும் முகப்பும் நின்றன. போருக்குப் பின் அந்த முகப்புக்குப் பின்னால் புதிய உட்பகுதிகளைக் கட்டினார்கள். படத்தில் உள்ள பிக்டன் வாசிப்பறை தப்பியது. அதற்குப் பின்புறம் தாமஸ் ஷெல்மர்டைன் வடிவமைப்பில் 1906இல் திறக்கப்பட்ட ஹோர்ன்பி நூலகமும், அதையடுத்து 1914இல் வந்த ஓக் மர அறையும் இருக்கின்றன. பறவை ஓவியர் ஆடுபோன் வரைந்த வட அமெரிக்கப் பறவைகளின் மாபெரும் படநூலை அந்த ஓக் மர அறையில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

போருக்குப் பின் கட்டியவை ஏறத்தாழ அரை நூற்றாண்டுதான் தாக்குப்பிடித்தன. 2010இல் நூலகத்தை மூடி, அந்தப் பிற்காலப் பகுதிகளை இடித்துவிட்டு, 2013 மே மாதம் புதிய உட்கட்டடத்தோடு திறந்தார்கள். இப்போது பிரவுனின் பழைய முகப்பு வழியாக நுழைந்தால், மேலே கண்ணாடிக் குவிமாடம் மூடிய உயர்ந்த திறந்த நடுக்கூடம் ஒன்றும் அதன் ஊடே ஏறும் படிகளும் எதிர்ப்படும். வேலையைச் செய்த ஆஸ்டின்-ஸ்மித்-லார்ட் நிறுவனத்தார், பழைய பாணியைப் போலி செய்ய முயலாததை நான் வரவேற்கிறேன். புதிய கூடத்திலிருந்து பிக்டன் அறைக்குள் கால்வைக்கும்போது எது 1879, எது 2013 என்ற குழப்பம் யாருக்கும் வராது.

பாரம்பரியப் பட்டியலைப் பொறுத்தவரை, லிவர்பூலின் துறைமுக வணிகப் பகுதிகளை யுனெஸ்கோ 2004இல் சேர்த்தது. வில்லியம் பிரவுன் வீதியும் அவற்றுள் ஒன்று. ஆற்றங்கரையில் எழுந்த புதிய கட்டடங்களாலும் திட்டமிட்டிருந்த விளையாட்டரங்காலும் அதன் தனித்தன்மை கெட்டுவிட்டது என்று கூறி 2021இல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நூலகத்தில் எந்தக் குறையும் கண்டு நீக்கியதல்ல. அது இன்றும் நகராட்சியின் பொது நூலகமாகவே இயங்குகிறது. வாசிப்பறையைப் பார்க்கக் கட்டணம் கிடையாது.